ஸ்லோவில் நிற்பது

ஜூன் 3, செவ்வாய்

இல்லை, திக்கவில்லை. நின்றே போகிறது. இரண்டும் வேறு வேறு.

திக்கினால் வண்டி குலுங்கும், இருமும், ஆனாலும் நகரும். இது அப்படி அல்ல. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. அறுபதில் போகிறது, எழுபதில் போகிறது, மேம்பாலம் ஏறுகிறது. நிற்க வேண்டிய இடம் வந்து காலை எடுத்தால்தான் சிக்கல். எஞ்சின் சத்தம் மெல்ல இறங்கி, இன்னும் இறங்கி, அணைந்துவிடுகிறது. இன்று சிங்காநல்லூர் சிக்னலில் மட்டும் நான்கு முறை. பின்னால் இருந்தவர்கள் தங்கள் கருத்தை ஹாரனில் சொன்னார்கள்.

சித்தியின் கார். தொண்ணூற்றாறாம் வருடத்தது. வெள்ளை. கார்புரேட்டர் வைத்தது. சித்தி புது வண்டி வாங்கியதும், "ஓட்டுனா ஓட்டு, இல்லீனா எடைக்குப் போட்டுரு" என்று சாவியைத் தந்துவிட்டார். நான் ஓட்டுகிறேன்.

இன்று இன்னொன்றும் நடந்தது. பொள்ளாச்சிக் கல்லூரியிலிருந்து கடிதம். ஹைதராபாத்தில் மொழியியல் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து மூன்று மாதம். விண்ணப்பித்ததையே மறந்திருந்தேன். தமிழ்த் துறையில் ஓர் இடம். ஜூன் 25, புதன், காலை பதினொரு மணி. மாணவர்கள் முன்னால் இருபது நிமிட மாதிரி வகுப்பு. தலைப்பு அவர்களே கொடுத்திருக்கிறார்கள்: எழுத்துகளின் பிறப்பு.

காரில்தான் போவேன். பஸ்ஸில் போனால் உடுமலைக்கு டிக்கெட் எடுத்துப் பொள்ளாச்சியில் இறங்குவேன். சித்தி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அப்படித்தான். சில ஊர்ப் பெயர்கள் எனக்குச் சரிப்படுவதில்லை. காரில் கண்டக்டர் இல்லை.

ஆக, இருபத்திரண்டு நாள் இருக்கிறது. வண்டி நிற்காமல் நிற்க வேண்டும்.

ஜூன் 4, புதன்

ஒண்டிப்புதூரில் ரங்கராஜ் ஒர்க்‌ஷாப். முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் மனைவி அம்மாவின் தையல் கடைக்கு வாடிக்கை. அந்த வழியில் அறிமுகம். வேகமான மனிதர். ஒரு நட்டைக் கழற்றும்போதே அடுத்த நட்டைப் பார்க்கிறவர்.

"சொல்லுங் அம்மிணி, என்ன பண்ணுது?"

"சிக்னல்ல..." என்றேன். அடுத்த சொல்லுக்குச் சற்று நேரம் எடுத்துக்கொண்டேன்.

"சிக்னல்ல இருந்து எடுக்கறப்ப இழுக்க மாட்டேங்குது. அதானுங்? சத்தத்தக் கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு."

அது அல்ல. ஆனால் தலையாட்டுவது எளிதாக இருந்தது.

பிளக் எல்லாம் மாற்றினார். ஏர் ஃபில்டர் மாற்றினார். எல்லாம் இழுவைக்கான வைத்தியம். இழுவை ஏற்கெனவே நன்றாகத்தான் இருந்தது. இப்போது இன்னும் நன்றாக இருக்கிறது.

பக்கத்துக் கடையில் அவருக்கு டீ சொல்லிவிட்டு, "உங்களுக்குங்?" என்றார். "அதே" என்றேன். எனக்குப் பிடித்தது கருப்பட்டிக் காப்பி. அந்தக் கடையில் அது இருந்தது, பலகையில் எழுதியும் இருந்தது. பத்து வருடமாக நான் மற்றவர்களின் டீயைக் குடித்துவருகிறேன்.

திரும்பும் வழியில் சிங்காநல்லூர் சிக்னலில் அணைந்தது.

ஜூன் 7, சனி

ரங்கராஜ் போன் செய்தார்.

"அம்மிணி, ஸ்லோ நிக்குதுங்ளா?"

எஞ்சின் இருந்த இடத்திலேயே சும்மா ஓடிக்கொண்டிருப்பதை மெக்கானிக்குகள் ஸ்லோ என்கிறார்கள். அது அணையாமல் இருந்தால் ஸ்லோ நிக்குது.

நான் சொல்ல நினைத்தது: நின்னு போயிடுதுங்க. முதல் பாதி தயாராக இருந்தது. இரண்டாம் பாதி ப-வில் தொடங்குகிறது. வாக்கியத்தைச் சுருக்கினேன்.

"நிக்குதுங்க."

"அப்பச் சரிங்." வைத்துவிட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

மழை நின்றது என்றால் மழை இல்லை. கோபுரம் நின்றது என்றால் கோபுரம் இருக்கிறது. பஸ் நின்றால் ஏறலாம். மூச்சு நின்றால் யாரும் எங்கும் ஏற முடியாது.

ரங்கராஜ் கேட்டது கோபுரம். நான் சொன்னது மழை. இருவரும் ஒரே சொல்லில் ஒத்துப்போனோம்.

ஹைதராபாத்தில் இதை வைத்து ஒரு கருத்தரங்கக் கட்டுரை எழுதியிருக்கலாம். இங்கே வண்டியைத் தள்ள வேண்டியிருக்கிறது.

ஜூன் 11, புதன்

உக்கடம் பஸ் ஸ்டாண்டு வாசல். வெளியே வந்துகொண்டிருந்த உடுமலை பஸ்ஸுக்கு நேர் முன்னால் அணைந்தது. மூன்று முறை சாவியைத் திருப்பினேன். கண்டக்டர் இறங்கி வந்தார். குனிந்து என்னைப் பார்த்தார்.

"ஏனுங், உடுமலைக்கு எடுத்துட்டுப் பொள்ளாச்சில எறங்கறவங்கதானுங் நீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"இன்னிக்கு எங்கீங் டிக்கெட்டு? பாலக்காட்டுக்கு எடுத்துட்டு உக்கடத்துலயே எறங்கறீங்ளா?"

பஸ்ஸில் முன் சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும். அவரும் இன்னும் இரண்டு பேரும் தள்ளி ஓரத்தில் விட்டார்கள். நல்ல மனிதர்.

மாலையில் அம்மா தைப்பதை விட்டு எழுந்து ரங்கராஜுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில்.

"ஏனுங் ரங்கராஜு, வண்டி நடுரோட்டுல நிக்குதாமா."

"நிக்குதுன்னு அம்மிணியே சொன்னாங்களேக்கா."

"அதத்தான் நானுஞ் சொல்றேன். நிக்குது."

"நிக்கோணுமுங்க்கா. நிக்கறதுக்குத்தான பண்ணிக் குடுத்தது."

"நிக்கறதுக்கா பண்ணுனீங்க? ஓடறதுக்குப் பண்ணுவாங்களா, நிக்கறதுக்குப் பண்ணுவாங்களா?"

இது இரண்டு நிமிடம் நடந்தது. நான் குறுக்கிட்டிருக்கலாம். தட்டில் போண்டா இருந்தது. சாப்பிட்டேன்.

கடைசியில் அம்மா, "நின்னு போயிருதுங்க" என்றாள்.  "அட, அப்பிடி மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்" என்றார் ரங்கராஜ்.

அம்மா என்னைப் பார்த்தாள். "அவ சுருக்கமாத்தானுங் பேசுவா."

ஜூன் 12, வியாழன்

கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலில் ஊறவைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்தார். ஸ்லோவுக்கான சின்ன துவாரத்தை, ஊசி முனை அளவுதான், வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். சுத்தமாக இருந்தது. முன்பும் சுத்தமாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

மாட்டினார். ஓடியது. காலை எடுத்தேன். இறங்கியது, இறங்கியது. அணையப் போகிற நேரம் ரங்கராஜின் கை உள்ளே பாய்ந்து ஆக்சிலேட்டர் கம்பியை இழுத்தது. எஞ்சின் உறுமியது.

"சித்த இருங்." ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஒரு ஸ்க்ரூ. அதை ஏற்றினால் எஞ்சின் சும்மா இருக்கும்போதும் வேகமாக ஓடும். "ஒண்ணரைச் சுத்து ஏத்திட்டேனுங். இனி நிக்கச் சொன்னாலும் நிக்காது."

ஜூன் 14, சனி

உண்மைதான். நிற்கவில்லை.

சிக்னலில் மாவு மில் போல இரைகிறது. முதல் கியரில் போட்டுக் காலை எடுத்தால் தானாகவே நடந்து போகிறது. பக்கத்து ஆட்டோக்காரர், "எங்கீங்க அவசரம்?" என்றார். வண்டிக்குள் பெட்ரோல் வாசனை.

உள்ளே இருக்கும் கோளாறு அப்படியே இருக்கிறது. அதன் மேல் வேகத்தை ஏற்றி வைத்திருக்கிறோம்.

எனக்கு இந்த வழி தெரியும். பி.ஏ. மூன்று வருடமும் பேச்சை இப்படித்தான் ஓட்டினேன். நிறுத்தினால் மறுபடி தொடங்க வேண்டுமே என்று, எங்கும் நிறுத்தாமல், மூச்சு விடாமல். தோழிகள் எனக்குத் தந்தி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

காலை பத்தரை. அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன். ரங்கராஜ்.

"எப்படீங் இருக்குது?"

பெட்ரோல் வாசம் அடிக்குது என்று சொல்ல நினைத்தேன். உதடுகள் சேர்ந்தன. அங்கேயே நின்றன. நான்கு நொடி, ஐந்து நொடி.

"திக்குதுங்ளா?" என்றார்.

போனை வைத்துவிட்டேன்.

 எட்டாம் வகுப்புக்குப் பிறகு யாரும் என்னிடம் அந்தச் சொல்லை நேராகச் சொன்னதில்லை. வீட்டில் அதற்கு 'கொஞ்சம் நிதானம்' என்று பெயர். சித்தி வீட்டில் 'கூச்ச சுபாவம்'. ஹைதராபாத்தில் பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மையார் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட சொற்றொடர் வைத்திருந்தார். நான் எந்தப் பெயரும் வைக்கவில்லை. இந்த நோட்டிலும்கூட.

இரண்டு மணிக்கு மேல்தான் உறைத்தது. அவர் வண்டியைக் கேட்டிருக்கிறார். வண்டிக்கும் அதே சொல்தான். முதல் நாள் இந்த நோட்டில் நானே எழுதியிருக்கிறேன்.

அவருக்குச் செய்தி அனுப்பினேன்: 'ஆமாம். இரண்டும் திக்குது.'

கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. ஒரு நிமிடம் கழித்து, 'புதன்கிழமை வாங்க.'

ஜூன் 16, திங்கள்

கல்லூரியிலிருந்து மின்னஞ்சல். துறைத் தலைவர், முனைவர் தமயந்தி. அப்படியே எழுதுகிறேன்.

'தங்கள் தாயார் தொலைபேசியில் தெரிவித்தவாறு, தாங்கள் பேசுவதில் உள்ள சிரமத்தைக் கருதி, மாதிரி வகுப்புக்குப் பதிலாக, கல்லூரி நூலகத்தில் நூற்பட்டியல் தயாரிக்கும் பணிக்குத் தங்களைப் பரிசீலிக்க இயலும். அதற்கு நேர்காணல் தேவையில்லை. தங்கள் விருப்பத்தை 20ஆம் தேதிக்குள் தெரிவிக்கவும்.'

கனிவான கடிதம். ஒரு பிழைகூட இல்லை.

அம்மா ஒரு ரவிக்கைக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்தாள். போனை அவள் முன்னால் நீட்டினேன். படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"நா என்ன கெட்டதா பண்ணிப்போட்டேன்? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி வெச்சா, அங்க போயி அத்தன பேரு முன்னால நீ நிக்க வேண்டீதில்லையேன்னு பாத்தேன்."

"கே..." என்றேன். கேட்டியா என்பது வாக்கியம்.

"கேக்கலதான். கேட்டா வேண்டாம்ப."

அந்த வாக்கியத்தையும் அவளே முடித்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

அம்மாவோடு பேசவில்லை. இதில் எனக்குப் பெரிய சிரமம் ஏதுமில்லை.

நூலகம் நல்ல வேலை. இரைச்சல் இல்லை. ஜன்னல் ஓரம் கிடைக்கலாம். பதிலை இரண்டு முறை எழுதி அழித்தேன்.

ஜூன் 18, புதன்

ஒர்க்‌ஷாப். ரங்கராஜ் கையைத் துடைத்தபடி வந்தார்.

"ஞாயித்துக்கெழம நா வண்டியத்தானுங் கேட்டேன்."

"தெரியும்."

"உங்களுக்கும் இருக்குதுன்னு தெரியாதுங். தெரிஞ்சிருந்தா..." யோசித்தார். "தெரிஞ்சிருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். அதுக்கு வேற வார்த்தை இல்லீங்களே."

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

பேச வேண்டியதை வழியிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன். "ஏத்துன ஸ்க்ரூவ எறக்குங்கண்ணா."

"எறக்குனா நின்னு போயிருமுங்."

"நிக்கட்டும். நின்னு போகட்டும். என்ன சொல்லுதுன்னு முழுசாக் கேப்போம். யாரும்..." இடையில் ஒரு க வந்தது. அவர் வாய் திறந்தது. மூடியது. காத்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்தது அவருக்குத்தான். "...கை வைக்கக்கூடாது."

ஸ்க்ரூ இறங்கியது. எஞ்சின் சூடானது. சத்தம் குறையத் தொடங்கியது. ரங்கராஜின் கை தானாகப் போய்க் கம்பியை இழுத்துவிட்டது.

"ஸாரிங். பழக்கம்."

மறுபடி. மறுபடி இழுத்தார். மூன்றாம் முறை இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டு நின்றார். எஞ்சின் இறங்கி, நடுங்கி, அணைந்தது. ஒர்க்‌ஷாப்பே அமைதியானது போல இருந்தது.

"பதிமூணு வருசமாத் தொழில் பண்றேன். ஒரு வண்டியச் சாக உட்டு வேடிக்கை பாத்ததில்லீங்."

ஐந்து முறை சாக விட்டோம். ஆறாவது முறை கேட்டது. அணைவதற்குச் சற்று முன்னால், எல்லாச் சத்தமும் தாழ்ந்த பிறகு, மெல்லிய ஒரு சீறல். தோசைக் கல்லில் தண்ணீர் தெளித்தது போல. ரங்கராஜும் கேட்டார். என்னைப் பார்த்தார்.

"ஏர் இழுக்குதுங். எங்கியோ ஓட்டை. வரக்கூடாத காத்து உள்ள போகுது."

வேகத்தை ஏற்றிய உடனே அந்தச் சீறல் காணாமல் போய்விடுகிறது. இத்தனை நாள் அது சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் யாராவது கம்பியை இழுத்திருக்கிறோம்.

ஓட்டை எங்கே என்று தெரியவில்லை. வேறு வண்டிகள் வந்துவிட்டன. "நாளன்னிக்கு முழுசாக் கழட்டிப் பாத்தரலாமுங்" என்றார். அணையாமல் இருக்க சோக்கைப் பாதி இழுத்து வைத்து வீடு வந்து சேர்ந்தேன்.

ஜூன் 19, வியாழன்

வாசலில் பானெட்டைத் திறந்து வைத்திருந்தேன். மாலை ஐந்து மணி. பாலக்காட்டுக் காற்று வீசுகிற மாதம். சீறல் எது, காற்று எது என்று பிரிக்க முடியவில்லை.

வண்டியோடு வந்த கையேட்டில் ஒரு வழி இருந்தது. சந்தேகப்படும் இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஓட்டையில் தண்ணீர் பட்டால் அது ஒரு கணம் அடைபடும். எஞ்சின் சத்தம் மாறும்.

மக்கில் தண்ணீர் எடுத்து விரலால் தெளித்துக்கொண்டிருந்தேன். கையில் ஏதோ வந்து இடித்தது. அம்மாவின் இஸ்திரி ஸ்ப்ரேயர். அம்மா அதன் மறுமுனையில் நின்றாள். இரண்டு நாள் கழித்து முதல் பேச்சு.

"ரவிக்கைக்கு அடிக்கறது. பொகை மாதிரி வரும். நா என்ன செய்யோணும்?"

"சும்மா இரு" என்றேன். எளிய சொற்கள். முழுதாக வந்தன.

இருந்தாள். டார்ச் பிடித்தாள். நான் மின்சாரம் போகும் இடங்களைப் பாலித்தீன் பையால் மூடிவிட்டு, ஒவ்வோர் இணைப்பாகத் தெளித்தேன். முன்பக்கம், மாற்றமில்லை. கார்புரேட்டரின் அடி, மாற்றமில்லை. ஒவ்வொரு முறை சத்தம் இறங்கும்போதும் அம்மா உதட்டைக் கடித்தாள். ஒரு முறை, "ஐயோ, அணையப் போவுது, எதையாச்சும் அமுத்து" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன்.

"சரி, சரி."

பின்பக்கம் கை நுழைவதே கடினம். கண்ணுக்குத் தெரியாத இடம். கையை விட்டுக் குத்துமதிப்பாகத் தெளித்தேன். நடுங்கிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று சமமானது. இரண்டு நொடி. வீட்டுக்கு வந்த விருந்தாளி போல நாகரிகமாக ஓடியது. பிறகு பழையபடி நடுக்கம்.

மறுபடி தெளித்தேன். மறுபடி சமம்.

"அதான்" என்றாள் அம்மா, ரகசியம் போல.

எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, விரலால் தடவி எடுத்தேன். பயன்படாத ஒரு குழாய் முனையை மூடியிருந்த ரப்பர் தொப்பி. சுண்டு விரல் நுனி அளவு. அடியில் ஒரு வெடிப்பு. குளிர்ந்திருக்கும்போது மூடியிருக்கிறது, சூட்டில் வாய் திறக்கிறது. அதனால்தான் காலையில் யோக்கியம், சிக்னலில் சிக்கல்.

அம்மா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "இத்துனூண்டா?" என்றாள். பிறகு, தொப்பியைப் பார்த்தபடியே, "நா அந்தம்மாவுக்குப் போன் பண்ணி, தெரியாமச் சொல்லிட்டேன்னு சொல்லட்டுமா?" என்றாள்.

"நானே எழுதறேன்."

ஜூன் 20, வெள்ளி

புதுத் தொப்பி. ரங்கராஜ் கையாலேயே போட்டார். பழையதைத் தன் மேசையில், கண்ணாடிக்கு முன்னால் வைத்துக்கொண்டார். ஸ்லோ நின்றது. கோபுரம் போல. வண்டி ஓடுகிறதா என்று பார்க்கக் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

பக்கத்துக் கடையில் அவர் டீ சொன்னார். நானும் அதே.

மூன்று மணிக்குக் கல்லூரிக்கு எழுதினேன். 'வகுப்பு எடுக்கிறேன். 25ஆம் தேதி வருகிறேன்.' அனுப்பினேன். திரும்பப் பெற ஒரு வசதி இருக்கிறதாம், சில நொடிகளுக்கு. அதைத் தேடுவதற்குள் நொடிகள் முடிந்துவிட்டன.

ஜூன் 22, ஞாயிறு

ஒத்திகை. அம்மா மாணவி. தையல் மெஷின் முன்னால் கை கட்டி உட்கார்ந்தாள்.

பாடத்தை எனக்கு ஏற்றபடி அடுக்கியிருக்கிறேன். முதலில் உயிர். பிறகு மெல்லினம், இடையினம். வல்லினம் கடைசியில். க ச ட த ப ற. என் ஆறு சுங்கச் சாவடிகள். அவற்றிலும் ப தான் பெரியது.

ஒன்று கவனித்தேன். ப-வும் ம-வும் ஒரே இடத்தில் பிறக்கின்றன. இரண்டு உதடும் சேர வேண்டும். வேறுபாடு காற்றில் மட்டும். ம-வில் காற்று மூக்கு வழியாகக் கசிந்துவிடுகிறது. ப-வில் கசிய வழியில்லை, திறக்கும் வரை உள்ளேயே நிற்க வேண்டும். மேகலா என்ற என் பெயரை என்னால் எப்போதும் சொல்ல முடிகிறது. கசிவின் தயவு.

ப வந்த இடத்தில் பன்னிரண்டு நொடி ஆனது. அம்மா எனக்காக முடிக்கவில்லை. ஆனால் அவள் உதடுகள் சேர்ந்திருந்தன. என்னோடு சேர்ந்து அவளும் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 24, செவ்வாய்

டேங்க் நிரப்பினேன். பெட்ரோல் பங்கில் 'ஃபுல்' என்பதைக் கையால் காட்டினேன். வகுப்பு நாளைக்குத்தானே.

ஜூன் 25, புதன்

எட்டரைக்குக் கிளம்பினேன். வழியில் நான்கு சிக்னல். நான்கிலும் நின்றது. எந்த நிற்கிறது என்று இனி எழுத வேண்டியதில்லை.

பத்தே காலுக்குக் கல்லூரி. எஞ்சினை அணைக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடம். எங்கும் போகாமல், அணையவும் இல்லாமல். வாட்ச்மேன் வந்து ஜன்னலைத் தட்டி, "யாரைங் பாக்கோணும்?" என்றார். துறைத் தலைவரின் பெயர் த-வில் தொடங்குகிறது. வாட்ச்மேன் காத்திருக்கவில்லை, "அட்மிஷனுங்ளா? அந்தப் பக்கம்" என்று கை காட்டிவிட்டுப் போனார். அட்மிஷன் பக்கமே நடந்து, சுற்றிக்கொண்டு தமிழ்த் துறைக்குப் போனேன்.

இரண்டாம் ஆண்டு வகுப்பு. நாற்பது பேர். கடைசிப் பெஞ்சில் முனைவர் தமயந்தியும் இன்னும் இரண்டு பேரும், கையில் தாளோடு.

உயிர் நன்றாகப் போனது. மெல்லினம் நன்றாகப் போனது. ங-வைச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன், வகுப்பு முழுக்க மூக்கடைத்தது போலச் சத்தம். சிரிப்பு. இடையினம். கரும்பலகையில் உதடு வரைந்தேன். என் உதடுகளைச் சேர்த்தேன்.

நின்றது.

முதல் வரிசையில் ஒரு பெண், ஒற்றைச் சடை, உதவி செய்யும் முகம். அவள் உதடுகளும் சேர்ந்தன. எனக்காகச் சொல்லிவிடப் போகிறாள். கையைத் தூக்கினேன். வேண்டாம். மறு கையால் என் உதடுகளைக் காட்டினேன். பார்.

மின்விசிறிச் சத்தம் கேட்டது. யாரோ பேனாவை மூடும் சத்தம். வெளியே ஒரு மைனா. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. வேகத்தை ஏற்றவில்லை. வேறு சொல்லுக்கு மாறவில்லை. நின்றேன்.

"ப" என்றேன்.

பிறகு இதைச் சொன்னேன், தயார் செய்யாதது. "பாத்தீங்கல்ல. ரெண்டு உதடும் சேர்ந்தாச்சு. காத்தும் வந்தாச்சு. பிறக்கறதுக்கு மட்டும் நேரமாச்சு. உங்களுக்கெல்லாம் இது கண் இமைக்கறதுக்குள்ள முடிஞ்சிரும், பாக்கவே முடியாது. எங்கிட்ட நிதானமாப் பாக்கலாம். எனக்குத் திக்கும்."

கடைசிக்கு முன் வரிசையில் ஒரு பையன் எழுந்தான். கிண்டலா என்று பார்த்தேன். இல்லை, நோட்டைக் கையில் வைத்திருந்தான்.

"மேடம், சரியாப் பாக்கல. இன்னொருக்காக் காட்டுங்."

"நான் நெனச்சா வராது. அதுவா வரும்போது பாத்துக்க."

வகுப்பு சிரித்தது. நானும். அடுத்த க-விலேயே வந்தது. "அதோ, அதோ" என்றார்கள். நாற்பது பேரும் கழுத்தை நீட்டி என் வாயைப் பார்த்தார்கள், பாடமாக.

முடிந்த பிறகு முனைவர் தமயந்தி அறைக்கு அழைத்தார். மேசையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்திருந்தார்.

"இருபது நிமிஷம் குடுத்தோம். முப்பத்தொண்ணு ஆச்சு."

"ஆமாங்க."

"உங்க அம்மா போன்ல அரை மணி நேரம் பேசினாங்க. அவங்க உங்களவிட ஒரு நிமிஷம் கம்மி." தாளில் ஏதோ எழுதினார். "லைப்ரரி வேலைய இன்னும் யாருக்கும் சொல்லல. எது வேணும்?"

"வகுப்புங்க."

"ஒண்ணாந்தேதி சேருங்க. உங்களுக்கு ரெண்டு ரெண்டு பீரியடாச் சேத்தே போடச் சொல்றேன்."

காருக்கு வந்தேன். ஸ்டார்ட் செய்தேன். ஸ்லோவில் விட்டுவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"சொல்லு கண்ணு."

கிடைச்சிருச்சு என்பது வாக்கியம். க-வில் நின்றது.

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது. அம்மா என்னாச்சு என்று கேட்கவில்லை. கிடைக்கலையா என்று முடிக்கவில்லை. போன் திரையில் நொடிகள் ஓடின. ஒன்பது. பத்து. அவள் மூச்சு மட்டும் கேட்டது. பதினான்கு.

"கிடைச்சிருச்சும்மா."

மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "வண்டி நிக்குதா?"

"நிக்குது."

"எந்த நிக்குது?"

"நல்ல நிக்குது."

சாவியைத் திருப்பி அணைத்தேன். ரோட்டைக் கடந்து எதிர்க் கடைக்குப் போனேன். கருப்பட்டிக் காப்பி ஒன்று சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். குடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.